பனி இல்லாத ஊரில் பனிச்சறுக்குக் கோல்

'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்று நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சறுக்கிய ஆனை பிறகு என்ன ஆனது என்று யாரும் சொன்னதில்லை. ஆனையின் கதை எனக்குத் தெரியாது. எனக்குச் சறுக்கியபோது வலது கைக் கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கியது. ஆறு வாரம் கட்டுப் போட வேண்டி வந்தது. அந்தப் பருவத் தேர்வை இடது கையால் எழுத முடியுமா என்று இரண்டு இரவுகள் பழகிப் பார்க்கவும் நேர்ந்தது.

நடந்தது இதுதான். பருவ விடுமுறையில் விடுதி நண்பர்கள் ஐவர் கொடிமலைக்கு நடந்து ஏறினோம். மூன்கேட் என்னும் வட்ட வாசல் வழியாக ஏறி, மேலே தேநீர் குடித்துவிட்டு, தாவரவியல் பூங்காவில் வந்து முடியும் ஜீப் பாதை வழியாக இறங்கினோம். இறங்கத் தொடங்கும்போதே தூறல். என் இரண்டு கைகளிலும் மலையேற்றக் கோல்கள் இருந்தன. '84' என்று எல்லாரும் அழைக்கும் ஓய்விடத்தைத் தாண்டியதும் ஒரு வளைவில், நனைந்து கிடந்த இலையின் மேல் என் குதிகால் பட்டது. அடுத்த கணம் நான் தரையில் கிடந்தேன். கோல் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் கையைப் பார்த்த மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. விரலை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, எந்த ஊருக்குப் போய் ஸ்கீயிங் பண்ணிட்டு வந்தீங்க?"

"இல்லீங்க டாக்டர், கொடிமலைக்குத்தான் போனேன்."

"அப்படியா? இதுக்குப் பேரே 'ஸ்கீயர்ஸ் தம்ப்'. பனியில சறுக்குறவங்களுக்கு வர்ற அடி. கையில கோலைப் பிடிச்சிக்கிட்டே விழுந்தா இதுதான் நடக்கும்."

பனியைக் குளிர்பதனப் பெட்டியில் மட்டுமே பார்த்திருக்கும் ஒருவனுக்குப் பனிச்சறுக்கு வீரனின் காயம்! கட்டுப் போட்ட கையோடு விடுதி அறையில் கிடந்த நாட்களில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஆண்டு மலரின் அறிவியல் பகுதிக்கு எதையாவது எழுதித் தரும்படி ஆசிரியர் குழு கேட்டபோது வேறு பொருளைத் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கோல்கள் உண்மையில் எனக்காக வாங்கியவை அல்ல. பிறையில் இருக்கும் என் அம்மாவுக்கு மூட்டு வலி. தண்ணீர்மலைப் படிகளில் ஏறுவதை அவர் நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கோல் இருந்தால் ஏறலாமே என்று நான்தான் வாங்கிக் கொடுத்தேன். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நான்தான் சொல்லியும் கொடுத்தேன். நான் சொல்லிக் கொடுத்த அதே பிடிதான் என் விரலை முறித்தது. அவர் விழவில்லை என்பது முருகன் அருள் என்று அம்மா சொல்கிறார். நான் மறுக்கவில்லை.

கோல் எங்கிருந்து வந்தது?

இன்று விளையாட்டுப் பொருள் கடைகளில் விற்கும் மலையேற்றக் கோல், பனிச்சறுக்குக் கோலின் தம்பி. பிடி, மணிக்கட்டு வார், தண்டு, முனைக்குச் சற்று மேலே ஒரு வட்டு, கூரிய முனை என்று இரண்டுக்கும் உறுப்புகள் ஒன்றே. முனை பனிக்குள் ஆழப் புதைந்து போகாமல் தடுப்பதுதான் வட்டின் வேலை. நம் ஊரில் அது சேற்றில் புதையாமல் காக்கிறது.

ஸ்காண்டிநேவிய நாடுகளில் பனிச்சறுக்கு என்பது முதலில் விளையாட்டு அன்று. வேட்டைக்கும் பயணத்துக்குமான வழி. அங்கே பல காலம் ஒரே ஒரு நீண்ட கோலைத்தான் பயன்படுத்தினார்கள். ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளுக்கு ஏற்ற முறையை 1890-களில் வகுத்த ஆஸ்திரியர் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கியும் ஒற்றைக் கோல்காரர்தான். அவருக்குப் பின் வந்தவர்கள், குறிப்பாக ஆஸ்திரியப் படை அதிகாரி கியோர்க் பில்கெரி, இரண்டு கோல்களே சிறந்தவை என்று வாதாடினார்கள். ஒற்றைக் கோலைப் பிடித்தவர் அதன் மேல் சாய்ந்தும் குந்தியும் வேகத்தைக் குறைப்பார். அதனால் உடல் எப்போதும் ஒரு பக்கம் கோணும். இரண்டு கோல் வந்ததும் உடல் நடுவில் நிமிர்ந்தது. 1958-இல் அமெரிக்காவின் சன் வேலியைச் சேர்ந்த எட் ஸ்காட் என்பவர் அடி சிறுத்த அலுமினியத் தண்டைக் கொண்டுவந்தார். மூங்கிலும் எஃகும் போய்க் கோல் எடை குறைந்தது. மணிக்கட்டை இலேசாக அசைத்தாலே முனை முன்னால் வரும் என்ற நிலை உருவானது. இந்த மணிக்கட்டு அசைவுக்குப் பிறகு வருவோம்.

கோடையில் பனி இல்லாதபோது பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்று பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர்கள் வெறும் தரையில் கோல் ஊன்றி நடந்தார்கள். 1990-களின் இறுதியில் அதுவே 'நார்டிக் நடை' என்னும் பெயரில் பொதுமக்களுக்கான உடற்பயிற்சியாக உலகெங்கும் பரவியது. இன்று காலை வேளைகளில் பினாங்குப் பூங்காக்களில் இரண்டு கோல்களுடன் நடக்கும் சீனத் தாத்தா பாட்டிகளைப் பார்க்கும்போது, அந்தக் கோல்கள் எங்கிருந்து புறப்பட்டு இங்கு வந்து சேர்ந்தன என்று நினைத்துக்கொள்வேன்.

பயம் பின்னால் இழுக்கும்

கோலைப் பற்றிப் பேசும் முன் உடல் நிலையைப் பேச வேண்டும். நிலை தவறானால் கோலால் எந்தப் பயனும் இல்லை. இதை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை என்பதுதான் என் குறை.

சரிவைக் கண்டதும் மனித உடல் இயல்பாக என்ன செய்கிறது? பின்னால் சாய்கிறது. முழங்காலை விறைப்பாக நீட்டுகிறது. கைகளைப் பின்னுக்கு இழுக்கிறது, அல்லது அகல விரிக்கிறது. கீழே விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் மலையின் பக்கமே ஒண்டிக்கொள்ளப் பார்க்கிறது. பனிச்சறுக்கு பழகுவோர் முதல் நாள் செய்யும் தவறு இதுவே. இந்தத் தவறு எந்த விழுதலைத் தவிர்க்க எண்ணுகிறதோ, அந்த விழுதலையே கொண்டுவந்து சேர்க்கிறது.

ஏன் அப்படி? பனிச்சறுக்குப் பலகையை அதன் முன்பகுதிதான் திருப்புகிறது. உடல் எடை பின்னால் போனால் முன்பகுதி இலேசாகிவிடும், பனியைப் பிடிக்காது. பலகை தன் போக்கில் ஓடும், வேகம் கூடும், பயம் கூடும், உடல் மேலும் பின்னால் சாயும். பின்சாய்ந்த உடலைத் தாங்கித் தாங்கித் தொடைத் தசைகள் சில நிமிடங்களிலேயே எரியத் தொடங்கும். நடப்பவருக்கும் கணக்கு ஏறத்தாழ இதுதான். பின்னால் சாய்ந்து காலை நீட்டி வைத்தால் குதிகால் உடலுக்கு வெகுதூரம் முன்னால் தரையைத் தொடும். அப்போது கால் தரையைக் கீழ்நோக்கி அழுத்துவதைவிட முன்னோக்கித் தள்ளுவது மிகுதியாகும். உராய்வு அதைத் தாங்க வேண்டும். உலர்ந்த தார்ச்சாலை தாங்கும். நனைந்த இலை தாங்காது. நான் விழுந்ததற்கு இலையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த இலையின் மேல் என் நண்பர்கள் நால்வரும் நடந்து போயிருந்தார்கள்.

சரியான நிலையைப் பயிற்றுநர்கள் எளிதாகக் கற்பிக்கிறார்கள். நின்ற இடத்தில் இலேசாகக் குதித்துக் கீழே வாருங்கள். தரையைத் தொட்ட கணத்தில் உடல் எப்படி இருக்கிறதோ அப்படியே நில்லுங்கள். பாதங்கள் இடுப்பகலத்தில் இருக்கும். கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் மடங்கியிருக்கும். எடை குதிகாலில் இல்லாமல் பாதத்தின் நடுவில் இருக்கும். இதுதான் பனிச்சறுக்கின் அடிப்படை நிலை.

இந்த நிலை நமக்குப் புதிதும் அன்று. பூப்பந்து ஆடாத மலேசியர் உண்டா? எதிராளி சர்வீஸ் போடும் முன் ஆட்டக்காரர் நிற்கும் நிற்பை நினைத்துப் பாருங்கள். முழங்கால் தளர்ந்திருக்கும், எடை முன்பாதத்தில், மட்டை மார்புக்கு முன்னால். நம் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த லீ சோங் வெய் அப்படி நிற்பதைத் தொலைக்காட்சியில் எத்தனை முறை பார்த்திருப்போம்! விறைத்த காலோடு நிற்பவரால் எந்தப் பக்கமும் ஓட முடியாது. சிலம்பம் பழகியவர்களுக்கும் இது தெரியும். கம்பைச் சுழற்றக் கற்றுத் தருவதற்கு முன்பே ஆசான் காலடியைத் திருத்துவார். முழங்கால் நேராக இருந்தால் கம்பு முழங்காலில்தான் விழும். நானும் இடைநிலைப் பள்ளியில் ஓராண்டு சிலம்பம் பழகியவன். மலையில் அது ஏன் நினைவுக்கு வரவில்லை என்று இப்போது கேட்டு என்ன பயன்?

பனிச்சறுக்கில் ஒரு கூடுதல் விதி உண்டு. மடக்க வேண்டிய முதல் மூட்டு முழங்கால் அன்று, கணுக்கால். முழங்காலை மட்டும் மடக்கினால் நாற்காலியில் உட்காருவது போலாகி இடுப்பு பின்னால் போய்விடும். எடை மறுபடியும் குதிகாலுக்கே வரும். கணுக்காலை மடக்கினால் கணைக்கால் எலும்பு முன்னால் சாயும். காலணியின் நாக்குப் பகுதியில் கணைக்கால் அழுந்துகிறதா என்று பயிற்றுநர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான். உடலின் அச்சு வானத்தை நோக்கி நேர்க்குத்தாக நிற்காமல் சரிவுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அதாவது, சரிவு கூடக் கூட உடல் பள்ளத்தை நோக்கிச் சாய வேண்டும். மனம் எதை வேண்டாம் என்கிறதோ அதைச் செய்ய வேண்டும். பனிச்சறுக்கில் உண்மையில் கடினமானது இந்த ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவை பழக்கத்தில் வந்துவிடும்.

கைகள் எங்கே இருக்க வேண்டும்? இடுப்புக்குச் சற்று மேலே, உடலுக்கு முன்னால், தோளகலத்தைவிடக் கொஞ்சம் அகலமாக. பார்வை தூரத்தில் இருக்கும்போதே இரண்டு கைகளும் கண்ணின் ஓரத்தில் தெரிய வேண்டும். மேல்நாட்டுப் பயிற்றுநர்கள் உணவுத் தட்டு ஏந்துவது போல என்பார்கள். நாம் நாசி கண்டார் கடையில் இரண்டு தே தாரிக் வைத்த தட்டை நெரிசலுக்குள் எடுத்து வரும் பணியாளரை நினைத்துக்கொள்ளலாம். அவர் கை பின்னால் போனால் தேநீர் யார் மேலாவது கொட்டும். நாசி கண்டார் என்றதும் இன்னொன்று. அந்தப் பெயரே தோளில் சுமந்த காவுதடியிலிருந்து வந்தது. அந்நாளில் சோற்றையும் கறியையும் தடியின் இரு முனைகளில் தொங்கவிட்டு ஜோர்ஜ்டவுன் தெருக்களில் விற்ற தமிழ் முஸ்லிம்கள் விறைத்த காலோடு நடந்திருக்க முடியாது. சுமை குதித்தால் குழம்பு சிந்தும். முழங்காலைத் தளர்த்தி, தடி ஆடும் தாளத்துக்கு அடியெடுத்து வைத்துத்தான் நடந்திருப்பார்கள்.

தாங்குவதற்கு அன்று, தாளத்துக்கு

இனிக் கோலுக்கு வருவோம். முதலில் நீளம். கோலைத் தலைகீழாகப் பிடித்து, வட்டுக்குக் கீழே கை இருக்கும்படி நின்றால் முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும். மலைச்சரிவுப் பனிச்சறுக்குக்கு உயரத்தை 0.7-ஆல் பெருக்கினால் ஏறத்தாழச் சரியான நீளம் கிடைக்கும். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்குச் சுமார் 120 சென்டிமீட்டர். கோல் நீண்டால் உடல் பின்னால் தள்ளப்படும். குறைந்தால் இடுப்பில் குனிய வேண்டி வரும்.

மலையிலிருந்து சறுக்கி இறங்குபவர் கோலின் மேல் சாய்வதில்லை. பார்ப்பவர்கள் அப்படித்தான் எண்ணிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சமதரையில் தள்ளிச் செல்லவும், நின்ற இடத்தில் சமன் செய்துகொள்ளவும் கோல் உடல் எடையைத் தாங்கும். சரிவில் அதன் வேலை வேறு. ஒரு திருப்பம் முடிந்து அடுத்த திருப்பம் தொடங்கும் கணத்தைக் குறிப்பதே அதன் வேலை. இடப்பக்கம் திரும்பப் போகிறவர் இடக் கோலின் முனையைப் பலகையின் முன்முனைக்கும் காலணிக்கும் நடுவே, சற்று விலக்கி, பனியில் தொடுவார். தொட்டதும் உடல் எழும். அந்தப் புள்ளியைச் சுற்றிக்கொண்டு திரும்பும். வெளிப்பக்கப் பலகையாகிய வலப் பலகைக்கு எடை மாறும். பிறகு வலக் கோல், வலத் திருப்பம். மிருதங்கக்காரர் கச்சேரியில் பாடகரைத் தூக்கிச் சுமப்பதில்லை; காலம் காட்டுகிறார். கோலும் அப்படித்தான்.

தொடுவதற்குக் கையை நீட்டக் கூடாது, தோளைத் திருப்பக் கூடாது. மணிக்கட்டை மட்டும் அசைத்தால் முனை முன்னால் வரும். எட் ஸ்காட்டின் எடை குறைந்த கோல் இதை எளிதாக்கியது. தொட்ட பின் அந்தக் கையை உடனே முன்னால் கொண்டுவர வேண்டும். ஊன்றிய கோலைத் தாண்டி உடல் போய்விட, கை மட்டும் பின்னால் தங்கிவிட்டால் தோள் திரும்பும். தோளோடு இடுப்பும் திரும்பும். எடை பின்னால் விழும். ஆக, சோம்பேறிக் கை ஒன்று போதும், முழு நிலையும் கெட.

வாரில்தான் என் கதை இருக்கிறது. கையை வாருக்குள் மேலிருந்து நுழைத்துப் பிடியைப் பற்றுவதே பெரும்பாலோர் செய்வது. பார்த்தால் அதுதான் இயல்பாகத் தோன்றும். சரியான முறை, கையை வாரின் கீழிருந்து மேலாக நுழைத்து, பிறகு வாரையும் பிடியையும் சேர்த்து இறங்கப் பற்றுவது. அப்போது வார் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வந்து உள்ளங்கையின் கீழ் அமரும். அழுத்தத்தை மணிக்கட்டு வாங்கிக்கொள்ளும். விரல்கள் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. இறுக்கிப் பிடிக்காத கையால் விழும்போது கோலை விட்டுவிட முடியும். நான் வாரை மேலிருந்து நுழைத்து, தளர்வாக இருக்கிறதே என்று மணிக்கட்டைச் சுற்றி ஒரு முறுக்கும் முறுக்கியிருந்தேன். கட்டைவிரல் வாருக்கும் பிடிக்கும் இடையே சிக்கிக்கொண்டது. விரிந்த கையோடு தரையில் விழுந்தபோது பிடியே நெம்புகோலாகிக் கட்டைவிரலை மற்ற விரல்களிலிருந்து பிரித்து இழுத்தது. அதன் அடிமூட்டில் உட்புறமாக இருக்கும் இணைப்பு நார் கிழிந்தது. ஸ்காட்லாந்தின் வேட்டைக்காட்டுக் காவலர்களுக்கும் இதே மூட்டு தளர்ந்துபோவதை 1955-இல் ஒரு மருத்துவர் எழுதினார். முயல்களைக் கழுத்தைத் திருகிக் கொல்வதால் அவர்களுக்கு அது நாளடைவில் வந்ததாம். எனக்கு ஒரே நாளில் வந்தது. நல்லவேளை, நார் முழுதும் அறுந்துபோகவில்லை. அறுந்திருந்தால் அறுவைச் சிகிச்சை செய்திருப்பார்கள்.

சரியாக வார் மாட்டியவருக்கும் இந்தக் காயம் வரலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோலைக் கையில் வைத்துக்கொண்டு விழுவதே ஆபத்து. விழப்போகிறோம் என்று தெரிந்ததும் பிடியை விட்டுவிடப் பழகுவதே பாதுகாப்பு. மரங்களுக்கிடையே சறுக்கும்போது கோல் கிளையில் மாட்டினால் தோளே விலகிவிடும் என்பதால், அனுபவசாலிகள் அங்கே வாரை மாட்டுவதே இல்லை.

நம்மவர் பனியில் இறங்கினார்களா?

இறங்கினார்கள். 2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில்தான் மலேசியா முதன்முறையாகப் பங்கெடுத்தது. பனிச்சறுக்கில் ஜெஃப்ரி வெப், பனிச்சறுக்கு நடனத்தில் ஜூலியன் யீ. 2022 பெய்ஜிங் போட்டியில் ஜெஃப்ரி வெப்புடன் அருவின் சாலெஹுடினும் சரிவில் இறங்கினார். குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கிய முதல் மலேசியப் பெண் அவர். ஸ்லாலம் போட்டியாளர்களின் கோல்களைக் கவனித்தால் பிடிக்கு முன்னால் ஒரு காப்பு இருப்பது தெரியும். வழியில் நிற்கும் கம்பங்களை முட்டித் தள்ளிக்கொண்டு போவதற்காக அது. அதிவேகச் சரிவுப் போட்டியாளர்களின் கோலோ, உடலை ஒட்டிக் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வளைத்துச் செய்யப்பட்டிருக்கும். நார்வேயிலும் சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் குடியேறிய ஈழத்தமிழர்களின் பிள்ளைகள் பலருக்குப் பனிச்சறுக்கு பள்ளிப் பருவத்திலேயே அறிமுகமாகிவிடுகிறது. நமக்கு இருப்பது மலை மட்டும்தான்.

கொடிமலைக்கு ஏற்றபடி

அந்த மலையும் சாதாரணமானது அன்று. கொடிமலையின் உச்சி 833 மீட்டர். 1923-இல் மலை இரயில் ஓடத் தொடங்கும் வரை டோலியிலோ குதிரையிலோ கால்நடையாகவோதான் மேலே போக முடிந்தது. ஜீப் பாதை ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் 600 மீட்டருக்கும் மேல் இறங்குகிறது. ஏறும்போது மூச்சு வாங்கும். மறுநாள் வலிப்பதெல்லாம் இறங்கியதனால்தான். இறங்கும் ஒவ்வோர் அடியிலும் உடலை நிறுத்திப் பிடிக்கும் வேலை முழங்காலுக்கும் தொடையின் முன்தசைக்கும் விழுகிறது.

பனிச்சறுக்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிலையை. கோலின் வேலையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நடப்பவரின் கோல் உண்மையாகவே எடையைத் தாங்கலாம். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 25 பாகைச் சரிவில் கோலோடு இறங்கியவர்களின் முழங்காலில் விழும் விசை 12 முதல் 25 விழுக்காடு வரை குறைந்ததைக் கண்டார்கள். ஆனால் அதற்குக் கோல் உடலுக்கு முன்னால் ஊன்றப்பட்டிருக்க வேண்டும். நான் செய்தது போலப் பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும் கோல் எதையும் தாங்காது.

இறங்கும் முன் கோலை 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை நீட்டிக்கொள்ளுங்கள். தரை தாழ்வாக இருக்கிறதல்லவா. காலுக்கு முன்னால் கோல் தரையைத் தொட வேண்டும்: முதலில் கோல், பிறகு அடி. முழங்கையை விறைக்கவிடாமல், கையெட்டும் தூரத்துக்குள் ஊன்றுங்கள். அடிகளைச் சிறிதாக வையுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேர் மேலே இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். இது நானாகக் கண்டுபிடித்த அளவுகோல், எந்த நூலிலும் இல்லை, ஆனால் எனக்குப் பயன்படுகிறது. ஈரமான, வேர்கள் நிறைந்த காட்டுப் பாதையில் வாரைக் கழற்றிவிடுங்கள். தார்ச்சாலையில் உலோக முனை வழுக்கும் என்பதால் ரப்பர் மூடியை மாட்டிக்கொள்ள வேண்டும்.

கட்டுப் பிரித்த பிறகு முதல் வேலையாக ஒரு சனிக்கிழமை பிறைக்குப் போய் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ வாங்கிக் குடுத்ததுக்காகத்தான்பா அதைப் பிடிச்சேன். எனக்குக் குடையே சுலபமா இருந்துச்சு," என்றார். குடையை எப்படி ஊன்றுவார் என்று வீட்டு வாசற்படியில் இறங்கிக் காட்டச் சொன்னேன். குடையை முதலில் கீழ்ப் படியில் வைத்தார், முழங்காலைத் தளர்த்தினார், உடலை அதன் மேல் கொண்டுவந்தார், பிறகு காலை எடுத்தார். திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை. வாரும் கிடையாது, விரல் சிக்கவும் வழியில்லை.

அடுத்த வாரம் கூட்டமில்லாத ஒரு காலையில் தண்ணீர்மலைக்குப் போனோம். 513 படிகள். இடக் கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வலக் கையில் வார் கழற்றிய ஒரே ஒரு கோலோடு அம்மா இறங்கினார். படிகளில் இரண்டு கோல் தேவையில்லை என்பதை அன்றுதான் கண்டேன். ஒரு கை கைப்பிடிக்கு வேண்டும். வலி அதிகமுள்ள காலை முதலில் கீழே இறக்கி, நல்ல காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கீழே வந்து சேர்ந்தோம். மற்றொரு கோலை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். கீழே வந்து பார்த்தபோது அதன் ரப்பர் மூடியைக் காணவில்லை. அது அடிக்கடி கழன்று விழும் பொருள். ஜீப் பாதையிலும் இரண்டு கிடக்கப் பார்த்திருக்கிறேன். வாங்கும்போதே மாற்று மூடி ஒரு சோடி சேர்த்து வாங்கிவிடுங்கள்.